பொத்தானில் பழுது

2008 மார்ச் 9, ஞாயிறு

பெனிட்டா மெல்போர்னிலிருந்து கொடுத்தனுப்பிய சாமான் இன்று வந்து சேர்ந்தது. அவளோடு வேலை செய்கிற அம்மாள் ஒருவர் லீவில் சங்கரன்கோவிலுக்கு வந்திருக்கிறார். பாளையங்கோட்டை வரை வந்து கொடுத்துவிட்டு, காப்பி குடிக்கக்கூட உட்காராமல் போய்விட்டார். பெற்ற மகளுக்கு வர நேரமில்லை. யாரோ பெற்ற பிள்ளை பஸ் ஏறி வருகிறது.

இ-புக் ரீடர் என்று பெயர். சாம்பல் நிறத்தில் ஒரு தகடு, ஆராதனைக்குக் கொண்டுபோகிற பாட்டுப் புத்தகத்தை விட மெல்லிசு. உள்ளே நூற்றிருபது இங்கிலீஷ் நாவல் ஏற்றியிருப்பதாகப் பெனிட்டா போனில் சொன்னாள். நம்பாமல் எண்ணிப் பார்த்தேன், நூற்றிருபது இருந்தது. எடை 260 கிராம். கிருபா பாதியில் நிறுத்தி வைத்திருக்கிற தடிப் புத்தகம், ஏதோ தோல் வியாபாரிக் குடும்பத்துக் கதையாம், அது 940 கிராம். இரண்டையும் நானே நிறுத்தேன். அந்தக் கதையும் ரீடருக்குள் இருக்கிறது.

முப்பத்து நான்கு வருடம் உரத் தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். புது மெஷின் வந்தால் முதல் வேலை அதற்கு ஒரு லாக் புக் போடுவது. ஆகவே இந்த நோட்டு. என்ன பழுது, என்ன செய்தேன், என்ன ஆயிற்று என்று தேதி போட்டு எழுதுவேன். வேறு எதையும் எழுதுகிற உத்தேசம் இல்லை.

விவரத்துக்காக மட்டும்: ரீடர் என் மனைவி கிருபாவதிக்கு. பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருடம் இங்கிலீஷ் டீச்சர். கால் போன வருடமே ஒத்துழைக்கவில்லை. கிறிஸ்துமஸ் முதல் கையிலும் கொஞ்சம் சோர்வு. படுத்தபடி புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தால் முகத்தில் விழுகிறது, ஒருமுறை மூக்குக் கண்ணாடி உடைந்தது. நான் பிடித்துக்கொண்டு நின்றால் அவளுக்கு ஆகாது. போன வாரம் வாய்விட்டே சொன்னாள்.

“குளிப்பாட்ட ஒரு ஆளு, சோறு ஊட்ட ஒரு ஆளு, தலை சீவ ஒரு ஆளுன்னு ஆயிப்போச்சு அத்தான். படிக்கிறத மட்டுமாவது நான் தனியா செய்யுதேனே.”

நியாயமான பேச்சு. அதற்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். பெனிட்டாவுக்கு நான் எழுதிக் கேட்டுத்தான் இது வந்தது.

மார்ச் 11

அலுமினியக் கம்பியில் ஒரு ஸ்டாண்ட் செய்து கட்டிலோடு பொருத்தினேன். ரீடர் முகத்துக்கு நேரே நிற்கிறது. இடப்பக்க ஓரத்தில் ஒரு பொத்தான், அதை அமுக்கினால் அடுத்த பக்கம். கிருபாவின் இடது கட்டைவிரல் சரியாக அதன் மேல் வருகிற மாதிரி கையடியில் ஒரு பலகையும் வைத்தேன். மத்தியானத்துக்குள் வேறொரு சின்னக் கதையில் எழுபத்தொரு பக்கம் போய்விட்டாள். என்னைக் கூப்பிடவே இல்லை.

கிணற்று மோட்டாருக்கு ஃபுட் வால்வு மாற்றினேன்.

மார்ச் 16, குருத்தோலை ஞாயிறு

பெனிட்டா மெயிலில் தமிழ் வேதாகமத்தை அனுப்பியிருந்தாள். ரீடரில் ஏற்றினால் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை வெறும் கட்டம் கட்டமாக வருகிறது. கிருபா அரை மணி நேரம் சிரித்தாள். மெஷினுக்குத் தமிழ் தெரியாதாம். இங்கிலீஷோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஏப்ரல் 2

முதல் பழுது. பொத்தான் கட்டியாக இருக்கிறது என்றாள் கிருபா. அமுக்கிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் என் விரல் ஸ்பானர் பிடித்த விரல். ரிலே சோதிக்கிற பென்சில் அளவு ஸ்பிரிங் தராசு ஒன்று பெட்டியில் கிடந்தது, அதை வைத்து அளந்தேன். 210 கிராம் அழுத்தினால்தான் பக்கம் திரும்புகிறது. ஒரு காகிதத்தைத் திருப்ப இத்தனை பலமா வேண்டும்? இதை வடிவமைத்தவன் கடப்பாரை செய்கிற கம்பெனியில் வேலை பார்த்திருப்பான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முருகன்குறிச்சி பிரவுசிங் சென்டரில் இரண்டு மணி நேரம். ரீடர் வாங்கியவர்கள் எல்லாம் கூடிப் பேசிக்கொள்கிற ஒரு பக்கம் இன்டர்நெட்டில் இருக்கிறது. கண்ட கண்ட நாட்டுக்காரர்கள். குளியல் தொட்டியில் விழுந்துவிட்டது என்று ஒருவர். நாய் கடித்துவிட்டது என்று ஒருவர், நாயின் படத்தோடு. வீட்டில் புத்தக அலமாரி காலியானதால் சம்சாரம் ஐந்து வருடம் கழித்துச் சிரித்துப் பேசினாள் என்று ஒருவர்.

நான்காம் பக்கத்தில் நான் தேடியது கிடைத்தது. பக்கம் திருப்பும் பொத்தான் கட்டி, ஒரு நாளைக்கு முந்நூறு பக்கம் படித்ததில் கட்டைவிரல் வலிக்கிறது என்று ஓர் ஆள் எழுதியிருந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பழுது மெஷினில்தான். வீட்டுக்கு வந்ததும் கிருபாவிடம் முதலில் அதைத்தான் சொன்னேன். அவளும் சந்தோஷப்பட்டாள்.

ஏப்ரல் 8

அந்தப் பக்கத்தில் போடுவதற்காக இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். தொழில் சம்பந்தமான இங்கிலீஷ் எனக்கு வரும், மற்றது தள்ளாட்டம். கிருபாவின் முன்னால் பிடித்தேன். மூன்று இடத்தில் தப்பு என்று சொல்லித் திருத்தினாள். இந்தப் பொத்தான் நாளுக்கு நாள் கட்டியாகிக்கொண்டே வருகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியில் வெகு நேரம் நின்றாள். அதிலும் தப்பா என்று கேட்டேன்.

“இங்கிலீஷ் சரியாத்தான் இருக்கு அத்தான்” என்றாள்.

ஏப்ரல் 12, சனி

மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, காலை ஒன்பது மணிக்கு ரீடரைத் திறந்தேன். வாட்ச் ஸ்குரூ மாதிரி ஆறு ஸ்குரூ. பேட்டரியைக் கழற்றினால் எந்தப் பக்கத்தில் விட்டோம் என்பது அதற்கு மறந்துபோகிறது, ஆகவே கழற்றுமுன் பக்க எண்ணை இதில் குறித்து வைப்பேன். தோல் வியாபாரிக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள், இன்று: 96.

பொத்தானுக்கு அடியில் இருந்த தகரக் குமிழை எடுத்துவிட்டு, பழைய கம்ப்யூட்டர் மவுஸிலிருந்து கழற்றிய ஸ்விட்சைப் பற்றவைத்தேன். புருவ முடியளவு ஒயர். மூச்சுப் பிடித்து வேலை செய்தேன். கட்டிலிலிருந்து கிருபா பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடி மூக்கு நுனியில், நாக்கு வெளியே, இப்படித்தான் கல்யாணமான புதிதில் அவள் அப்பாவின் ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேனாம்.

இப்போது 70 கிராம். கிருபா அமுக்கினாள், பக்கம் திரும்பியது. மறுபடி அமுக்கினாள், திரும்பியது. நல்லாருக்கு அத்தான், வெண்ணெயாட்டம் இருக்கு என்றாள். எனக்கு ராஜா மாதிரி இருந்தது. மத்தியானம் நானே மீன் குழம்பு வைத்தேன். முள் எடுத்து மசித்து ஊட்டினேன்.

ஏப்ரல் 30

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தோம். டாக்டர் சொன்னதை இங்கே எழுதவில்லை. இது ரீடரைப் பற்றிய நோட்டு.

ரயிலில் ரீடர் நன்றாக வேலை செய்தது.

மே 19

மறுபடி பொத்தான். எழுபது கிராம் இருந்தது, அளந்தேன், இன்றும் எழுபதுதான். ஆனால் கிருபா அமுக்கினால் சில சமயம் எடுக்கிறது, சில சமயம் எடுப்பதில்லை. விட்டு விட்டு வருகிற பழுதுதான் எந்த மெக்கானிக்குக்கும் சனியன். தொடர்ந்து இருந்தால் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த முறை நீளக் கை வைத்த ஸ்விட்ச். ரீடருக்கு வெளியே ஒயர் இழுத்து, பலகையிலேயே பொருத்தினேன். 22 கிராம். பக்கம் 158.

கிருபாவின் வேலைகளுக்காகக் காலையில் வருகிற புஷ்பம், இதென்ன ஐயா, அம்மா கைக்கு எலிப்பொறி வச்சிருக்கிய என்று கேட்டாள். அவளை ஒரு முறை முறைத்தேன்.

மே 25, ஞாயிறு

பிரவுசிங் சென்டர். என் கடிதத்துக்குப் பதினொரு பதில் வந்திருக்கிறது. ஒன்பது பேர் கம்பெனியைத் திட்டியிருக்கிறார்கள். ஒருவர் எண்ணெய் விடச் சொல்கிறார், மடையர்.

பதினொன்றாவது ஹெலன் என்று கையெழுத்துப் போட்ட ஓர் அம்மாள், கனடாவிலிருந்து. அதன் சாரம் இது. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மனைவியின் கை எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. என் கணவருடைய ரீடரிலும் பொத்தான் நாளுக்கு நாள் கட்டியாகிக்கொண்டே வந்தது. கம்பெனியோடு நாலு மாதம் சண்டை போட்டேன். கடைசியில் புதிதாக ஒன்று அனுப்பினார்கள். அதன் பொத்தானும் கட்டியாகவே இருந்தது.

பாவம், அந்த அம்மாளுக்குப் புது மெஷினும் பழுதாக வந்திருக்கிறது. தரம் பார்த்து அனுப்ப அங்கே ஆள் இல்லை போலிருக்கிறது.

பதில் போடவில்லை. மற்ற பதில்களை அச்செடுத்துக்கொண்டு போய்க் கிருபாவிடம் காட்டினேன். இதை அச்செடுக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஸ்விட்சை 9 கிராமுக்குக் கொண்டுவந்தாயிற்று. ஒரு ரூபாய் நாணயம் இரண்டை வைத்தால் திரும்பிவிடும். பக்கம் 190.

ஜூன் 9

புஷ்பம் போர்வையைச் சரிசெய்தாளாம். போர்வை ஓரம் ஸ்விட்சில் பட்டு அறுபது பக்கம் தானாக ஓடிவிட்டது. கிருபா நிறுத்தச் சொல்லியிருக்கிறாள், புஷ்பத்துக்கு அவள் சொன்னது விளங்கவில்லை. இப்போதெல்லாம் கிருபாவின் பேச்சில் சொல்லோடு சொல் ஒட்டிக்கொள்கிறது. எனக்கு விளங்குகிறது, மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்பதில்லை. நான் ரேஷன் கடையிலிருந்து வரும்போது இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கண் கலங்கி இருக்கிறார்கள். மண்ணெண்ணெய் கேனைக் கீழே வைத்துவிட்டு, அறுபது பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் பின்னால் திருப்பினேன்.

லேசாக வைத்தால் தானாக ஓடுகிறது. கொஞ்சம் கட்டியாக வைத்தால் அசைய மாட்டேன் என்கிறது. நடுவில் ஓர் இடம் இருந்தாக வேண்டும். எல்லா மீட்டருக்கும் இருக்கிறது.

ஜூன் 22

போர்வைக்குக் கம்பி வளைத்துத் தடுப்பு. பரவாயில்லை.

ஜூலை 6, ஞாயிறு

அழுத்தமே வேண்டாத ஏற்பாடு. தோல் பட்டால் போதும், பக்கம் திரும்பும். சின்னச் செப்புத் தகடு, ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர். கோவிலுக்குக்கூடப் போகாமல் காலையிலிருந்து இதே வேலை. என் விரலால் நூறு முறை தொட்டேன், நூறு முறையும் திரும்பியது. பக்கம் 212-இல் கொண்டுபோய் நிறுத்தி அவளிடம் கொடுத்தேன்.

கிருபாவின் கட்டைவிரலைத் தகட்டின் மேல் வைத்தேன். பக்கம் திரும்பியது. அடுத்த பக்கத்துக்கு விரலை எடுத்து மறுபடி வைக்க வேண்டும். விரல் தகட்டிலேயே கிடந்தது. இரண்டு நிமிடம் பார்த்தேன்.

தகடு வைத்த இடம் சரியில்லை. அரை அங்குலம் நகர்த்தினேன். மறுபடி 212-க்குத் திருப்பி வைத்தேன். நான் பக்கத்தில் நின்றால் அவளுக்குக் கூச்சமாக இருக்கும் என்று சமையலறைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து எப்படி என்று கேட்டதற்கு நல்லாருக்கு என்றாள்.

ஜூலை 10

ரீடர் நன்றாக வேலை செய்கிறது. கதை எங்கே போகிறது என்று கேட்டேன். தோல் வியாபாரியின் மூத்த மகன் வீட்டை விட்டுப் போய்விட்டான் என்றாள். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூலை 13

மூத்த மகன் கப்பல் துறைமுகத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டான். பாட்டுப் பாடுகிறவளாம். வியாபாரி சம்மதிக்க மாட்டானே என்றேன். பொறுங்க, பாப்போம் என்றாள்.

எனக்கு நாவல் கீவல் பழக்கம் இல்லை. ஆனாலும் சாயங்காலம் எப்போது வரும், கதையைக் கேட்கலாம் என்று இருக்கிறது.

ஜூலை 17

கல்யாணம் நடந்துவிட்டது. வியாபாரி வரவில்லை, வியாபாரியின் சம்சாரம் மட்டும் யாருக்கும் தெரியாமல் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். பின் பெஞ்சில் யாராவது நகர்ந்து இடம் கொடுத்தார்களா என்று கேட்டேன். கிருபாவுக்குக் குஷி.

ஜூலை 20, ஞாயிறு

தகட்டில் வியர்வை படிந்திருக்கும், துடைக்கலாம் என்று ரீடரை எடுத்தேன். கழற்றுமுன் வழக்கம்போலப் பக்க எண் பார்த்தேன். 212.

நோட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்தேன். ஜூலை 6-ஆம் தேதியும் 212.

புதுப் பழுது. பக்கத்தை நினைவில் வைத்துக்கொள்வதில் கோளாறு.

ஜூலை 21

காலையிலிருந்து நினைவுச் சோதனை. நாற்பது முறை வேறு வேறு பக்கத்தில் நிறுத்தி, அணைத்து, போட்டுப் பார்த்தேன். நாற்பது முறையும் விட்ட இடத்திலேயே வந்து நிற்கிறது. பேட்டரியைக் கழற்றாத வரை அதற்கு ஒன்றும் மறப்பதில்லை.

புஷ்பம் துணி மடித்துக்கொண்டே என்னையே பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“ஐயா, கோவிச்சுக்கிடாதிய. அம்மா அந்தப் பொஸ்தகப் பலகைய ரொம்ப நாளா சும்மாதான் பாத்துக்கிட்டு கெடக்காவ. ஒரே பக்கந்தான். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனா மாறுதா மாறலையான்னு தெரியும்லா.”

உன் வேலையைப் பார் என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

இன்று கிருபாவிடம் கேட்டேன். கேட்பதற்கு முன் மோட்டார் போட்டேன், தொட்டி நிரம்பும் வரை அதன் பக்கத்திலேயே நின்றேன், மாடியில் காய்ந்த மிளகாயை எடுத்தேன், அப்புறம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பதினைந்து நாளாகப் பக்கம் திரும்பவே இல்லையா என்று கேட்டேன்.

அவள் பேசியதை அவள் பேசிய நேரத்தில் எழுதினால் இந்த நோட்டு பற்றாது. ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. சேர்த்து எழுதுகிறேன்.

“பொத்தான்ல என்னைக்குமே ஒண்ணும் இல்ல அத்தான். வெரல்தான் வர மாட்டேங்குது.”

எப்போதிலிருந்து தெரியும் என்றேன். நான் முதலில் தராசு வைத்து அளந்த அன்றே தெரியும் என்றாள். பிறகு ஏன் சொல்லவில்லை, என்னை நாலு மாதம் பைத்தியக்காரனாக அலைய விட்டாயே என்று கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது. அவள் கோபிக்கவில்லை.

“அந்த மெஷினக் கழத்தி வச்சுக்கிட்டு உக்காரும்போதுதான் நீங்க பழைய ஆளா இருக்கிய. மத்த நேரமெல்லாம் செவத்தப் பாத்துக்கிட்டு இருக்கிய. அதுவும் இல்லேன்னா நீங்க என்ன செய்விய?”

அப்படியானால் கதையில் நடந்த அந்தக் கல்யாணம் என்று கேட்டேன். அந்த நேரத்தில் போய் அதையா கேட்பார்கள்? ஆனால் அதைத்தான் கேட்டேன்.

“அத நாந்தான் நடத்தி வச்சேன்” என்றாள். சிரிப்பு மாதிரி ஒன்று முகத்தில் வந்தது. “பொழுது போவணும்லா.”

பதினைந்து நாள் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். நான் பத்தடி தூரத்தில் சமையலறையில் நின்று, அவள் படிக்கிறாள் என்று சத்தம் போடாமல் பாத்திரம் தேய்த்திருக்கிறேன்.

ஜூலை 23

ரீடரில் பழுது இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே யோசனை வந்துவிட்டது. கை போனால் என்ன, மூச்சு இருக்கிறதே. கொதிகலனில் காற்றழுத்தம் பார்க்கிற ஸ்விட்ச் ஒன்று என் பெட்டியில் இருந்தது. அதில் சலைன் குழாயைப் பொருத்தி, நுனியைக் கிருபாவின் வாயோரம் கொண்டுவந்தேன். மெதுவாக ஊதினால் பக்கம் திரும்பும். உலகத்தில் எவனும் செய்யாத வேலை என்று மனதுக்குள் மார்தட்டிக்கொண்டேன்.

மூன்று முறை ஊதினாள். உதடு குழாயைக் கவ்வவில்லை, காற்று ஓரத்தில் போய்விட்டது. நான்காவது முறை எச்சில் உள்ளே இறங்கிப் புரையேறியது. முகம் கறுத்துவிட்டது. புஷ்பமும் நானும் நிமிர்த்திப் பிடித்து முதுகைத் தட்டி, மூச்சு சீராவதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடத்தில் நான் ஆண்டவரிடம் என்ன பேசினேன் என்பதை எழுத மாட்டேன்.

அப்புறமும் நான் குழாயை எடுத்து, நுனியைக் கொஞ்சம் சப்பையாக்கினால் என்ன என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கிருபா கூப்பிட்டாள்.

“போதும் அத்தான். என்னையும் கழத்தி மாட்டாதிய.”

குழாயைக் கீழே வைத்தேன்.

ஜூலை 30

ஏப்ரலில் டாக்டர் சொன்னதை இன்று எழுதி வைக்கிறேன். முதலில் கால், பிறகு கை, பிறகு பேச்சு, பிறகு விழுங்குவது, கடைசியில் மூச்சு. மருந்து கிடையாது. கண்ணும் அறிவும் கடைசி வரை தெளிவாக இருக்கும் என்றார். அதை ஆறுதலாகத்தான் சொன்னார். வெளியே வந்து ஆஸ்பத்திரி நடைபாதையில் நான் அவரை மனதாரத் திட்டினேன். அந்த மனிதர் என்ன செய்வார்?

ஹெலன் அம்மாளுக்கு இரண்டு வரி எழுதிப் போட்டேன். என் மனைவியின் கை நன்றாக இல்லை, உங்கள் கணவர் எப்படி இருக்கிறார் என்று. கிருபாவிடம் காட்டித் திருத்தவில்லை. தப்பு இருந்தால் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 2, சனி

ரீடரை நானே சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அரைப் பக்கம் படித்தேன். டீச்சரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். நான் படிக்கிற இங்கிலீஷில் அந்த வியாபாரி தூத்துக்குடி லாரி செட்டில் வேலை செய்கிறவனாக ஆகிவிடுகிறான்.

கடைசியில் கிருபாவே ஒரு வழி சொன்னாள். சொல்ல வெகு நேரம் எடுத்தது, பாதியில் களைத்துக் கண்ணை மூடி, மறுபடி ஆரம்பித்தாள்.

“நீங்களே அமுத்துங்க. நாக்கத் தட்டி ‘ச்’ன்னு சத்தம் குடுக்கேன். ஆனா என்னயப் பாக்கக் கூடாது. பொஸ்தகத்தயும் பாக்கக் கூடாது. அந்தப் பக்கம் திரும்பி இருங்க. நீங்க இல்லன்னு நான் நெனச்சுக்கிடுதேன்.”

சத்தியம் செய்து கொடுத்தேன். ஒயரை நீட்டி, மவுஸ் ஸ்விட்சையே மறுபடி போட்டேன். எழுபது கிராம். எனக்கு அது தாராளம்.

ஆகஸ்ட் 3

212-இலிருந்து 231 வரை. சத்தம் வருகிறது, அமுக்குகிறேன். பேச்சு நடக்கிற பக்கமென்றால் சீக்கிரம் வருகிறது. வர்ணனை என்றால் நேரமாகிறது. சராசரி இரண்டு நிமிடம் இருபது வினாடி.

ஆகஸ்ட் 6

254. சத்தம் கொஞ்சம் மெலிகிறது. பேச்சுக்கு அப்புறம் நாக்கு என்று டாக்டர் சொல்லாமலே எனக்குத் தெரியும். இதற்கு என் பெட்டியில் ஒன்றும் இல்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் கேட்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு, பிற்பகல்

இதை ஸ்விட்சோடு உட்கார்ந்தபடியே எழுதுகிறேன். ஜன்னலைப் பார்த்து நாற்காலி. கட்டில் முதுகுக்குப் பின்னால். நோட்டு மடியில், இடது கை ஸ்விட்சில். மின்விசிறி ஓடவில்லை, சட்டை நனைந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை மூன்றாவது தடவையாகக் கழுவுகிறார்.

பக்கத்தை நான் பார்ப்பதில்லை, எண்ணிக்கொண்டு வருகிறேன். 287.

ஆறு நிமிடமாகச் சத்தம் இல்லை. எந்தப் பக்கத்துக்கும் இத்தனை நேரம் ஆனதில்லை. தூங்கியிருந்தால் மூச்சு வேறு மாதிரி வரும். இது தூங்குகிற மூச்சு இல்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது.

கதையில் ஏதோ நடந்திருக்கிறது. அல்லது கதையில் ஒன்றுமே நடக்காமல் அவள் வேறு எதையோ நினைத்திருக்கிறாள். அழுகிறாள், அது மட்டும் நிச்சயம். கிருபாவால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியாது. கண்ணீர் காதுக்குள் இறங்கும், அது அவளுக்கு எரிச்சலாக இருக்கும், எனக்குத் தெரியும். கைக்குட்டை என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. எழுந்து இரண்டு எட்டு வைத்தால் துடைத்துவிடலாம். ஆனால் திரும்ப வேண்டும். திரும்பினால் அவள் தனியாக இல்லை என்று ஆகிவிடும். அவளிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான், அதற்கு நான் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

கூப்பிட்டால் போகலாம். என் பெயரையோ அத்தான் என்றோ ஒரு சத்தம் வந்தால் போதும். வரவில்லை.

எட்டு நிமிடம். தவறி அமுக்கிவிடக் கூடாது என்று ஸ்விட்சிலிருந்து விரலைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன். எழுத்து கோணுகிறது. கிருபா, ஒன்று கூப்பிடு, அல்லது அடுத்த பக்கத்தையாவது கேள்.

பதினொரு நிமிடம். திரும்பவில்லை.

‘ச்.’

அமுக்கினேன்.